பாக்கி இல்லாதவனுக்குக் கடன் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆரணிப் பட்டுப்புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தேன். போகும்போது புடவை, வரும்போது பட்டுநூல். வழியில் லாட்ஜ், ரயில், சாப்பாடு. இடுப்பில் பணத்தைக் கட்டிக்கொண்டு காட்பாடி பிளாட்பாரத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காத வேலை. பெங்களூரில் நான் புடவை போடும் ஒரு கடைக்காரர்தான், "ஒரு கார்டு வாங்கிக்குங்க, எதுக்கு இந்த பேஜார்?" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த கம்பெனி ஆளை அறிமுகப்படுத்தி வைத்தார்.

அந்த ஆள் டை கட்டிக்கொண்டு கடைக்கே வந்தான். கார்டை என் கையில் கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சொன்னான்.

"சார், இது கிரெடிட் கார்டு இல்லை, சார்ஜ் கார்டு. இதுல இவ்வளவுதான் செலவு பண்ணணும்னு எல்லை போட்டிருக்க மாட்டோம். ஆனா மாசா மாசம் பில் வந்தா முழுசா கட்டிடணும். பாதி கட்டறேன், மீதி அடுத்த மாசம்ன்ற பேச்சே கிடையாது. கட்டலைன்னா கார்டு போயிடும்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடனும் இல்லை, வட்டியும் இல்லை. வாங்கினதைக் கட்டிவிட்டு நிமிர்ந்து நடக்கலாம். ஏறக்குறைய பத்து வருஷம் அந்தக் கார்டு என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு தீபாவளி சமயத்தில் கடைக்காரர்கள் பணம் தராமல் இழுத்தடித்தபோது, நல்ல கல்யாணப் புடவைகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு பில்லைக் கட்டினேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நெசவாளர் வீடுகளுக்குப் போய்ப் பேசும்போதெல்லாம் அதை ஒரு பதக்கம் மாதிரி எடுத்துக் காட்டுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் அந்தக் கம்பெனி அந்த வகைக் கார்டையே நிறுத்திவிட்டது. நான் கணக்கு வைத்திருந்த பேங்க், அதற்குப் பதிலாக ஒரு கிரெடிட் கார்டைக் கொடுத்தது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இதில் ஒரு எல்லை போட்டிருந்தார்கள், அதுவும் சின்ன எல்லை. நான் பழைய கார்டை எப்படி வைத்திருந்தேனோ அப்படியே இதையும் வைத்துக்கொண்டேன். மாதம் பிறந்ததும் நூல் வாங்குவேன், கார்டு நிரம்பிவிடும். பில் வந்ததும் முழுசாகக் கட்டுவேன். மறுபடி நூல், மறுபடி நிரம்பும், மறுபடி கட்டுவேன்.

என் மனைவி ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சம்பளக் கணக்கை வைத்து அவளுக்கும் ஒரு பேங்க் கிரெடிட் கார்டு கொடுத்திருந்தது. சம்பளக்காரி என்பதால் எல்லையும் பெரிசு. அவள் அதில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினாள். சின்னத் தொகைதான், ஆனால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினாள். அதற்கு வட்டி போட்டார்கள். அந்த வட்டியை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

"கடன்ல ஐஸ் தண்ணி குடிக்கிற நீ" என்பேன்.

"கட்டிகினுதான் இருக்கேன் இல்ல? எவன் வீட்டு வாசல்ல வந்து நின்னான்?" என்பாள்.

நாங்கள் குடியிருந்தது வாடகை வீடு. காற்றோட்டமான வீடு, புடவை அடுக்க ஒரு தனி அறை, பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். வீட்டுக்காரர் சென்னையில் மகனோடு போய்த் தங்கிவிட்டார். ஒரு ஆடி மாதம் வந்தவர், "விக்கப்போறேன். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். ஜல்தியா ஒரு முடிவு சொல்லுங்க, களம்பூர் மில்லுக்காரர் ஒருத்தர் கேட்டுகினு இருக்காரு" என்றார்.

கையில் பாதிக்கு மேல் இருந்தது. மீதிக்கு பேங்க் கடன். எனக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "சிஸ்டம் ஒத்துக்கல சார்" என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அடுத்த பேங்குக்குப் போனேன். அங்கேயும் அதே பதில். வீட்டில் சொல்லவே வெட்கமாக இருந்தது. பேங்கில் கூட்டம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாவது பேங்குக்கு மனைவி தானும் வருவேன் என்று லீவு போட்டுவிட்டு வந்தாள். கடன் பிரிவில் வேலூர்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் இருவர் பெயரையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"சார், உங்க ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கு. மேடமோடது நல்லா இருக்கு."

"இன்னாம்மா ஸ்கோரு? கிரிக்கெட்டா?"

கடன் வாங்குகிறவன் எப்படிப்பட்டவன் என்று ஒரு மார்க் போடுகிறார்களாம். எல்லா பேங்கும் அதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கிறதாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாமல் யாரோ எங்கேயோ உட்கார்ந்து எனக்கு மார்க் போட்டிருக்கிறார்கள், அதில் நான் ஃபெயில்.

"நான் ஒரு பைசா பாக்கி வெச்சதில்லைங்க" என்றேன்.

"பாக்கி இல்லை சார். அதை நான் சொல்லல. நீங்க கார்டை மாசா மாசம் எல்லை வரைக்கும் நிரப்பிடுறீங்க. பில் போடற அன்னிக்கு எவ்வளவு நிக்குதோ, அதைத்தான் பேங்க் மார்க் போடறவங்களுக்கு எழுதி அனுப்புது. நீங்க கட்டறது அதுக்கு அப்புறம். அதனால ஒவ்வொரு மாசமும் கார்டு முழுசா நிரம்பின ஆளாத்தான் நீங்க தெரியறீங்க. கைல காசே இல்லாம கார்டை நம்பிப் பொழைக்கிறவர்னு கம்ப்யூட்டர் நெனைச்சுக்கும்."

"முன்னாடி வெச்சிருந்த கார்டுலயும் பத்து வருஷம் இப்படித்தாம்மா பண்ணேன்!"

"அது சார்ஜ் கார்டா இருந்திருக்கும். அதுக்கு எல்லையே போடமாட்டாங்க, அப்போ நிரம்பிடுச்சுன்னு எதை வெச்சு சொல்றது? இதுக்கு எல்லை இருக்கு. ரெண்டும் வேற சார்."

"சரி, அந்தப் பத்து வருஷம் ஒழுங்கா கட்டினேனே, அது எங்க?"

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். "அது இதுல இல்லை சார். அந்தக் கம்பெனி தகவலே கொடுத்திருக்காது. அதுவும் இல்லாம, இந்த மாசத்துல ரெண்டு பேங்க் உங்க ஸ்கோரைக் கேட்டிருக்காங்க. கடனுக்கு அலையறவர்னு அதுலயும் மார்க் கொறையும்."

அடிமாட்டு விலைக்கு விற்ற அந்தக் கல்யாணப் புடவைகள் கண்முன் வந்து போயின. மனைவி மெதுவாக, "என்னோடது எப்படிங்க நல்லா இருக்கு? நான் ஃபிரிட்ஜுக்கு இன்னும் கட்டிகினு இருக்கேனே" என்று கேட்டாள்.

"வட்டி போனது உங்களுக்கு நஷ்டம்தான் மேடம், அதுக்காக ஒண்ணும் மார்க் ஏறல. ஆனா உங்க எல்லை பெருசு, எடுத்தது கொஞ்சம், ஒரு தேதியும் தவறல. அதுதான் பாக்கறாங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் நின்றோம். அவள் ஒரு வார்த்தையும் குத்திப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்தப் பழைய கார்டு கம்பெனிக்கு போன் போட்டேன். நான் ஒழுங்காகக் கட்டியவன் என்று ஒரு சான்றாவது தருவார்களே என்று ஆசை. எடுத்த பெண்ணிடம் கார்டு நம்பரை இரண்டு தடவை சொன்னேன்.

"இந்த நம்பர்ல எங்ககிட்ட யாரும் இல்லையே சார்."

"நான் இருந்தேன்ம்மா."

"பழைய கணக்கு எதுவும் இப்போ இல்லை சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பூத்துக்குள்ளேயே நின்றேன். வெளியே காத்திருந்த ஆள் கண்ணாடியைத் தட்டினான்.

கடைசியில் மனைவி பெயரில், அவள் சம்பளத்தின் மேல் மட்டும் கடன் கொடுத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய தொகை அது இல்லை. நான் சென்னைக்குப் போய் வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் ஸ்கோர் என்றால் என்ன என்று கேட்கவில்லை. "இத்தனை வருஷத்துல வாடகைக்கு நான் உங்களைத் தேடி வந்ததே இல்லியே. மீதியை தீபாவளிக்கு அப்புறம் குடுங்க" என்றார். எனக்கு ஏனோ அழுகை வந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

பத்திரம் பதிகிற அன்று, வாங்குபவர் இடத்தில் என் மனைவி உட்கார்ந்தாள். நான் சுவரோரமாக, மற்றவர்களோடு பெஞ்சில். கணவன் இருக்க மனைவி பெயரில் மட்டும் ஏன் என்று பத்திர எழுத்தர் குனிந்து கேட்டார். என்ன சொல்வது என்று நான் தடுமாறுவதற்குள் அவள், "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணதுதாங்க" என்று சொல்லிவிட்டு மையில் கட்டைவிரலை அழுத்தினாள்.

அந்த வேலூர்ப் பெண் சொன்னபடி, பிறகு பில் போடும் தேதிக்கு முன்பே பணம் கட்டிவிடப் பழகிக்கொண்டேன். நூலுக்குப் பாதி பணமாகக் கொடுத்தேன். அடுத்த வருஷம் அவளே பார்த்துச் சொன்னாள், ஸ்கோர் ஏறியிருக்கிறது என்று. சந்தோஷம் வரவில்லை. நான் முன்பைவிட ஒன்றும் யோக்கியனாகிவிடவில்லையே என்றுதான் தோன்றியது. அன்று சாயங்காலம் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஐஸ் தண்ணியை வாங்கிக் குடித்தேன்.