சபைத் தலைவரின் ஓட்டு

தல்லாகுளத்தில் நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, சமூக அறிவியல் சார் ஒருநாள் எங்கள் வகுப்பையே அரசியல் நிர்ணய சபையாக மாற்றினார். நாங்கள் போடும் சட்டத்தைச் சுவரில் ஒட்டி, ஆண்டு முழுவதும் அதன்படிதான் நடக்க வேண்டும் என்றார். சபைத் தலைவர் நான். டஸ்டரால் மேசையைத் தட்டும் அதிகாரம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தப்பா குடும்பம் அப்போதுதான் சூரத்திலிருந்து மதுரைக்குத் திரும்பியிருந்தது. அவர் மகளும் என் வகுப்புதான். அவளுக்குத் தமிழ் சுத்தமாக வராது. எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் நான்தான் எல்லாவற்றையும் அவள் காதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மூன்று தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. நான்காவதுக்கு வகுப்பு லீடர் எழுந்தான்.

"சார், இவங்க ரெண்டு பேரும் எந்நேரமும் குசுகுசுன்னு என்னமோ பேசுறாங்க. பாடத்தப் பேசுறாங்களா, எங்களப் பேசுறாங்களான்னே தெரியல. கிளாஸ்ல தமிழும் இங்கிலீசும் மட்டுந்தேன்னு சட்டம் போடுங்க."

சட்டம் வேண்டும் என்று தூக்கிய கைகளை எண்ணினேன். பக்கத்து பெஞ்சைப் பார்த்து அவளும் கையைத் தூக்கியிருந்தாள். விளக்கிச் சொல்ல வேண்டிய நான் தலைவர் நாற்காலியில் அல்லவா இருந்தேன்! அவளையும் சேர்த்து இரண்டு பக்கமும் சரிசமம்.

"தலைவரம்மா, இனி உங்க ஓட்டுதான்" என்றார் சார்.

சொந்தக்காரிக்காகச் சட்டத்தைத் தடுத்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சட்டத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினேன். ஒரே கைதட்டல்.

மறுநாள் சார் அசல் சபையின் கதையைச் சொன்னார். மொழிக்காக அங்கே நாள்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கடைசியில், ஆங்கிலம் இன்னும் பதினைந்து ஆண்டு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். தனக்கென்று ஒரு மொழி உள்ளவர்கள் அதைக் காத்துக்கொள்ளலாம் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நாங்க ஒரே பீரியட்ல முடிச்சுட்டோமே சார், அவங்களுக்கு ஏன் அம்புட்டு நாளாச்சு?"

சார் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த பாடத்தைப் புரட்டினார்.

முழுப் பரீட்சைக்குள் அவள் மதுரைத் தமிழில் வெளுத்துக்கட்டினாள். கடைசி நாள் ஷேர் ஆட்டோவில் நான் வீட்டுப் பேச்சில் ஏதோ கேட்டேன். "இங்கிட்டுத்தான் இறங்கணும், வா" என்று தமிழில் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

நான் போட்ட சட்டத்தால்தான் இவ்வளவு சீக்கிரம் தமிழ் கற்றுக்கொண்டாள் என்று வீடெல்லாம் பெருமையடித்துத் திரிந்தேன். என் அம்மாவிடமும் அப்பாவிடமும் அவள் எப்போதும்போல வீட்டுப் பேச்சில்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பது அன்று என் கண்ணில் படவே இல்லை.