இல்லாத வரிசை

கடப்பாக்கத்தில் எங்கள் ஊர் வலைக்கூடத்துச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. கடலுக்குப் போன போட்டுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும், காற்று வலுத்தால் அவற்றுக்குச் செய்தி அனுப்பும். பெட்டி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. அதற்குள் ஓடும் நெட்வொர்க் நிரலை எழுதியது எங்கள் அலுவலகம். என் அண்ணன் கடலுக்குப் போகிறவன் என்பதால் அந்தப் பெட்டிமேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

டிசம்பரில் அது தானாக அணைந்து அணைந்து எழுந்தது. வேலைக்காக நான் தங்கியிருக்கும் அணுபுரத்து வீட்டில் உட்கார்ந்து, பெட்டி தன் நடப்பை எழுதிவைக்கும் லாக்கைப் பார்த்தேன், காரணம் சிக்கிவிட்டது. வரும் தகவலை நெட்வொர்க் கார்டு பல வரிசைகளில் பிரித்துவிடும், எந்த வரிசை என்று ஓர் எண்ணும் சொல்லும். மலிவான பெட்டி என்று எட்டு வரிசையை நாலாகக் குறைத்திருந்தார்கள். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் மூன்றோடு சரி. கார்டிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. போட்டுகள் கூடினால் அது ஐந்து என்று சொல்லும், நிரலும் மறுபேச்சில்லாமல் இல்லாத வரிசைக்குள் கைவிட்டு மொத்தமாக விழும். எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு கேள்வி, இல்லையென்றால் பூஜ்ஜியத்தில் போடு என்று ஒரு பதில், அவ்வளவுதான் மருந்து. எழுதி என் லேப்டாப்பில் ஓட்டினேன், விழவில்லை.

ஆனால் அந்தக் கம்பெனியின் வருடக் கடைசி விடுமுறை முடியும்வரை எதையும் மாற்றக் கூடாது. எங்கள் தொழிலில் அதற்கு ஃப்ரீஸ் என்று பெயர்.

"ஃபிக்ஸ் கரெக்ட்தாம்மா. அவங்க சைன் பண்ணாம பெட்டி எதையும் ஏத்துக்காது. நான் என்ன பண்றது?" என்றார் மேலாளர். அவர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் வாடைக்காற்று எழுந்தது. பஸ் பிடித்து ஊருக்கு வந்து வலைக்கூடத்துக்கு ஓடினேன். மடியில் லேப்டாப், அதில் திருத்தம், எதிரே கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி. திரையில் போட்டுகள் புள்ளிபுள்ளியாக வந்தன, எல்லாம் சேர்ந்ததும் அணைந்தது. மறுபடி வந்தன, மறுபடி அணைந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

மதியம் அண்ணன் தொப்பலாக நனைந்து கரையேறினான்.

"காத்து மூஞ்சில அடிச்சப்புறம்தான் தெரிஞ்சிச்சு. பொட்டி ஒண்ணியும் சொல்லல. இன்னா ஆச்சு அதுக்கு?"

"சரி பண்ணிட்டேண்ணா. ஆனா உள்ள போட முடியாது. அவங்க லீவு முடிஞ்சி வரணும். அதுவரைக்கும் போவாத."

"லீவு அவங்களுக்குத்தான பாப்பா. எனக்கு யாரு வுட்டாங்க?"

விடிந்ததும் அவன் போட்டைத் தள்ளினான். மணலில் சிக்கி நகர மறுத்தது. லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன்.