வாசல் ஓரத்துத் தலைவரம்மா

சேத்தியாத்தோப்பில் பஸ் மாற நின்றபோது ஏழுமலையின் போன் வந்தது. விருத்தாசலத்தில் நாமெல்லாம் பொம்மை சுடும் பொதுச்சூளையில் சரக்கு அடுக்குபவர். "நம்ம தலைவரம்மா போயிட்டாங்க" என்றார். பெயர் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. ஜைத்தூன் என்ற பெயரே அடக்கத்தன்றுதான் நம்மில் சிலருக்குத் தெரிந்தது.

இந்த ஊரில் தலைவர்களுக்குப் பஞ்சமில்லை. டீக்கடையில் சில்லறை கேட்டால் தலைவரே, பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொன்னால் தலைவரே. ஜைத்தூன் அக்காவை மட்டும் நாம் அப்படி வாய்க்கு வந்தபடி அழைக்கவில்லை.

நான் பொம்மைப் பட்டறை போட்ட புதிதில் என் வீட்டுக்காரர்தான் சூளைக்குச் சரக்கு கொண்டுபோவார். ஒருமுறை இரண்டு பொம்மைகள் விரிசலோடு வந்தன. சரியாகக் காயவிடாத என் அவசரம்தான் காரணம். அது பிறகுதான் புரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சூளையின் நடுவில்தான் சூடு சமமாக ஏறும், வாசல் ஓரத்தில் விரிசல் விழும் என்பதுதான். அதை வைத்துக்கொண்டு நம் பொம்மைக்காரர்கள் கூட்டத்தில் எழுந்தேன். "வருஷா வருஷம் இவங்களே தலைவரா இருந்தா நடு எடமெல்லாம் இவங்க சரக்குக்குத்தான போவும்?"

அக்கா சிரித்தார். "நாளைக்கு அடுக்குறப்ப வந்து பாரும்மா."

போனேன். எல்லோருடைய பொம்மைகளும் உள்ளே போன பிறகு, வாசலை ஒட்டி மிஞ்சிய இடத்தில் அக்காவின் பிள்ளையார்கள் ஏறின. சூளை பிரித்தபோது மூன்று பிள்ளையாருக்குத் துதிக்கை விண்டிருந்தது. என்னுடையவை எல்லாம் முழுசு. வெட்கத்தோடு அவற்றைக் கூடையில் எடுத்து வைத்தேன். அக்கா சொன்னார்: "நடுவுல வச்சா யாரு பொம்மையும் நல்லாத்தான் வரும். தலைவருன்னு பேரு வச்சுட்டீங்க, ஓரத்துக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

போன வாரம் என்னைத் தலைவராக்கினீர்கள். நேற்று, அவர் இல்லாத முதல் சூளை. கொலு ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. உடைந்தால் மறுபடி செய்ய நாளில்லை. அது ஏழுமலைக்கும் தெரியும்.

"தலைவரம்மா, உங்களுக்கு நடுவுல எடம் விட்டு வச்சிருக்கேன்" என்றார். அந்தச் சொல் என்னை நோக்கி வந்தது அதுதான் முதல் தடவை. இந்த ஒருமுறை மட்டும் என்று மனம் அரித்தது. பொய் சொல்ல மாட்டேன், கூடையோடு இரண்டடி உள்ளேயும் போய்விட்டேன்.

பிறகு திரும்பி வந்து, அக்காவின் பிள்ளையார்கள் நின்ற இடத்தில் என் பொம்மைகளை நானே அடுக்கினேன். சூளை இன்னும் பிரிக்கவில்லை. எத்தனை விண்டாலும் சரி, அந்த ஓரம் இனி என்னுடையது.