வாய் தைத்த பொதி

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பொதிகின்ற நாளை நாட்காட்டி தீர்மானித்ததில்லை, தையற்காரர் தீர்மானித்தார். பரிசு என்றால் எங்களுக்குப் புத்தாடை. புத்தாடையைப் பண்டிகையின் விடியலில் உடுத்திக்கொண்டு ஆராதனைக்குச் செல்ல வேண்டும். ஆகவே அது முன்னரே தைக்கப்பட்டிருக்க வேண்டும்; தைக்க வேண்டுமாயின் அளவு கொடுக்க வேண்டும்; அளவு கொடுத்தவர்க்குத் தம் பரிசு இன்னதென்று தெரியாமற்போக வழியில்லை. அவரவர் துணியை அவரவரே நவம்பர்க் கடைசியில் கடையில் தேர்ந்தெடுப்போம். பிறகு தைத்து வந்ததைப் பளபளக்கும் தாளில் பொதிந்து, பெயரெழுதி, இருபத்துநான்காம் தேதி மாலை ஒருவர்க்கொருவர் கொடுத்து, அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல் வியப்போம். அந்த வியப்பில் பொய் இருந்ததாக நான் ஒருநாளும் கருதியதில்லை. மூன்று வாரம் தையற்காரரிடம் அலைந்தபின் கைக்கு வந்து சேர்ந்த சட்டை எவருக்கும் வியப்பளிக்கக்கூடியதே.

பொதிகின்ற பணி என்னுடையது. தாள்களைச் சென்ற ஆண்டுகளிலிருந்து சேமித்து என் மெத்தைக்கடியில் மடிப்பு விழாமல் விரித்து வைத்திருப்பேன். புதிதாக இரண்டு மூன்று தாள்களுக்கு மேல் வாங்குவதில்லை. ஒரு பொதிக்கு டேப் மூன்று துண்டுகள். அதற்கு மேல் ஒட்டினால் பிரிக்கும்போது தாள் கிழியும். மூலைகள் முக்கோணமாக மடிந்து நேராக விழ வேண்டும். தாளிலுள்ள மணியோ நட்சத்திரமோ, சேருமிடத்தில் பாதியாக வெட்டுண்டு நிற்கக் கூடாது. என் மனைவி இதைப் பார்த்து, "பரீட்சைப் பேப்பர் திருத்தறதவிட இதுக்கு அதிக நேரமாகுது உங்களுக்கு" என்பாள். நான் பள்ளியொன்றில் தமிழாசிரியன்.

நான் சொல்லவிருப்பது இரண்டாயிரமாம் ஆண்டு. சேலையூரில் அப்போது நாங்கள் ஐவர் ஒரே வீட்டில் இருந்தோம்: அம்மா, மணம் செய்துகொள்ளாத என் அக்கா, நான், என் மனைவி, ஆறு வயதான எங்கள் மகள். அக்கா கிண்டியில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றினாள். அவ்வாண்டுத் தொடக்கத்தில் அவளுக்குப் புற்று கண்டு, இடப்பக்கத்து மார்பகத்தை அகற்றினார்கள். ஏப்ரலில் மீண்டும் மின்தொடர்வண்டி ஏறி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். தொளதொளத்த சுடிதாரும் அகன்ற துப்பட்டாவும் அலுவலகத்துக்குப் போதுமாயிருந்தன. ஆனால் தேவாலயத்துக்குப் புடவை கட்டாமல் அவள் ஒருநாளும் போனவளல்லள். புடவை கட்டினால் ரவிக்கையின் ஒருபக்கம் தளர்ந்து தொங்கியது. ஒருமுறை கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அது நழுவியது போலும். திரும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் ஞாயிறுதோறும், "நீங்க போயிட்டு வாங்க, நான் சோறாக்கி வைக்கறேன்" என்பது அவளுடைய பேச்சாயிற்று. இருபது ஆண்டுகள் பெண்கள் பக்கத்து இரண்டாம் வரிசையின் ஓரத்தில் அமர்ந்து, பாடகர் குழுவைக் காட்டிலும் உரக்கப் பாடியவள்.

நவம்பரில் கடைக்கு மட்டும் வந்தாள். மயிற்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு எடுத்தாள். விற்பவர் அதன் கடைசியிலிருந்த ரவிக்கைத் துணியை வெட்டித் தரவா என்று கேட்டதற்கு, "வெட்டிக் குடுங்க. ஆனா தைக்கல" என்றாள். "ஏண்டி?" என்றாள் அம்மா. "எங்க கட்டப்போறேன்? பெட்டியில வைக்கத்தானே" என்று சொல்லிவிட்டு, என் மகளுக்கு வளையல் பார்க்கப் போய்விட்டாள். அம்மா அந்த அறுவையைப் பெயர் சொல்லிக் குறித்ததே இல்லை. அவளுக்கு அது எப்போதும் 'அது' தான். அதைப் பற்றிய பேச்சு எழுந்தால் அழுதுவிடுவாள். அம்மா அழுதால் அக்கா எழுந்து போய்விடுவாள்.

அந்தத் துண்டுத் துணியை என் மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள். அக்காவின் பழைய ரவிக்கை ஒன்றையும் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்கு வழக்கமாகத் தைக்கும் பாயின் கடைக்குப் போய், அவர் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பெண்களின் துணிகளை அந்த அம்மையார்தான் வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பார். இருவரும் என்ன பேசினர் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் மனைவி சொன்னது இவ்வளவுதான்: "அண்ணிக்கு ஒரு ஜாக்கெட்டு தைக்கக் குடுத்திருக்கேன். கிறிஸ்துமஸ் அன்னைக்கு அவங்க நம்மகூட வரணும். அத்தைக்குத் தெரிய வேணாம்."

அவ்வாண்டு ரம்ஜான் கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் பின்னர் வந்தது. தாம்பரத்துத் தையற்கடைகள் அந்த மாதம் எந்த நிலையில் இருந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு இருப்புப்பாதை மேம்பாலம் ஏறி இறங்கிக் கடைக்குப் போனேன். பாய் கழுத்தில் அளவு நாடாவும் காதில் சுண்ணக்கட்டியுமாக, துணிக் குவியலுக்கு நடுவே தலைமட்டும் தெரிய நின்றார்.

"பாய், சனிக்கிழமைக்குள்ளன்னு சொல்லியிருந்தீங்க. இன்னைக்கு சனிக்கிழமை. இன்னும் ஒரு நாள்தான் இருக்கு."

"சனிக்கிழமன்னு சொன்னேன் சார். எந்த சனிக்கிழமன்னு சொன்னேனா?" என்றவர் என் முகத்தைக் கண்டு தாமே சிரித்தார். "இன்னா சார் பண்றது? ஒங்க பண்டிகையும் எங்க பண்டிகையும் ஒண்ணா சேந்து என் தலமேல குந்திகினு கீது. ஒரே பேஜாரு. ஒங்க சட்ட, பாப்பா கவுனு ரெடி. எட்த்துனு போங்க. லேடீஸ் துணி எல்லாம் வூட்டாண்ட. ஞாயித்துக்கெழம மத்தியானம் பீர்க்கன்கரணை வந்துடுங்க."

"அந்த ஜாக்கெட்டு…"

"அது என் டிபார்ட்மென்ட்டே இல்ல சார். நான் கைய வெக்கக் கூடாதுன்னு வூட்ல ஆர்டரு."

இருபத்துநான்காம் தேதி ஞாயிறு. காலை ஆராதனை முடித்து, அக்கா ஆக்கி வைத்த சோற்றை உண்டுவிட்டுப் பேருந்தேறிப் பீர்க்கன்கரணைக்குப் போனேன். ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் அவர்கள் வீடு. சன்னலோரம் தையல் இயந்திரம். அருகில் பச்சையும் சிவப்புமாகக் குழந்தைகளின் ரம்ஜான் உடைகள். அந்த அம்மையார் நோன்பிருந்து உதடு உலர்ந்திருந்தார். எனினும் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மாவின் ரவிக்கையையும் என் மனைவியின் ரவிக்கையையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பின்னர் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து வெள்ளைத் துணியால் தைத்த சிறு பை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு ரவிக்கைக்கு அந்தக் கனம் மிகுதி.

"இது அக்காவுக்கு. நீங்க பிரிச்சுப் பாக்க வேணாம் தம்பி."

"பாக்கமாட்டேங்க."

"பாக்கவும் முடியாது. வாயைத் தச்சுட்டேன்." சிரித்தார். "ஒங்க வீட்ல எல்லாரும் சுத்தி உக்காந்து பிரிப்பீங்களாமே, ஒங்க சம்சாரம் சொன்னாங்க. கத்திரி இல்லாம இது தொறக்காது. அவங்க ரூமுக்குப் போயி, கதவச் சாத்திக்கிட்டு, மெதுவாத் தொறக்கட்டும்."

"அளவு…" என்று தொடங்கினேன். தம்பியாகிய நான் அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"எங்க பெரியக்காவுக்கும் இதே ஆபரேஷன்தான். நாலு வருசமா நான்தான் தைக்கறேன். எனக்குத் தெரியும். போயிட்டு வாங்க."

வீடு திரும்பியபோது சமையலறையில் அக்கா அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். மகள் அவளருகே உதிர்ந்தவற்றைத் தின்றுகொண்டிருந்தாள். அம்மா உறங்கினாள். நானும் மனைவியும் எங்கள் அறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, கட்டில்மேல் தாள்களைப் பரப்பினோம். மற்றவை விரைவில் முடிந்தன. வெள்ளைப் பை எஞ்சியது.

"இத மட்டும் தனியா, சமையக்கட்டுல வெச்சு அவ கையில குடுத்துடேன்" என்றேன்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாருக்கும் எல்லார் முன்னாடியும். அவங்களுக்கு மட்டும் யாருக்கும் தெரியாம சமையக்கட்டுலயா? அது பரிசா, மருந்தா?"

பட்டுப்புடவையைக் கீழே வைத்து, அதன்மேல் பையை வைத்து, இரண்டையும் ஒரே பொதியாக்க முயன்றேன், மேடாகத் துருத்தியது. பையைத் தனியே பொதிந்து, புடவைக்கு அடியில் இட்டு, மேலே பழைய தாளைச் சுற்றினேன். பைக்கு மட்டும் அவ்வாண்டு வாங்கிய புதுத் தாளை எடுத்திருந்தேன்: நீலத்தில் வெள்ளி நட்சத்திரங்கள். எங்கள் வீட்டில் பெறுபவர்க்கு உள்ளிருப்பது இன்னதென்று தெரியாத முதற்பொதி அதுதான். பொதிந்த எனக்கும் முழுதாகத் தெரியாது. மூலைகள் மூன்றுமுறை பிசகின. மூன்று துண்டு டேப் என்ற விதியை மீறி, ஐந்து ஒட்டினேன்.

மாலையில் கூடத்தில் பாய் விரித்து வட்டமாக அமர்ந்தோம். அம்மா செபித்தாள். மகள் பெயர் படித்துப் பொதிகளைக் கொடுத்தாள். என் சட்டையை நான் வியந்தேன்; தன் ரவிக்கையை அம்மா, "கையி கொஞ்சம் எறக்கிட்டாங்க பாய் வீட்டம்மா" என்று வியந்தாள். அக்கா தன் பொதியைப் பிரித்துப் புடவையைத் தடவிப் பார்த்தாள். மடித்து வைக்கத் தூக்கியபோது நீலப் பொதி மடியில் விழுந்தது.

"அத்தை, இன்னொண்ணு!" என்றாள் மகள்.

அக்கா என் மனைவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நகத்தால் ஐந்து துண்டு டேப்பையும் பெயர்த்தாள். வெள்ளைப் பை வெளிவந்தது. கையில் ஏந்தினாள். அதன் கனம் அவளுக்கு எதையோ சொல்லியிருக்க வேண்டும். தைத்திருந்த வாயை விரலால் தடவினாள்.

"என்னடி அது? தொறயேன்" என்றாள் அம்மா.

"தச்சிருக்கும்மா."

"கத்திரி எடுத்துக்கிட்டு வா, கண்ணு. அப்பாகிட்ட இருக்கும்."

"அப்பா, கத்திரி எங்க?"

கத்திரி என் வலது தொடைக்குக் கீழே இருந்தது. பொதிந்து முடித்தவன் அதைக் கையோடு கொண்டுவந்து, அக்கா பொதியைப் பிரிக்கத் தொடங்கியபோது அதன்மேல் நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். "தெரியலம்மா. எங்கயோ வெச்சுட்டேன்" என்றேன். வகுப்பில் பொய் சொன்ன மாணவனை நிற்கவைப்பவன் நான்.

மகள் அலமாரியைத் துழாவினாள். அம்மா, "ஒரு பொருள் வெச்ச எடத்துல இருக்காது இந்த வீட்டுல. அருவாமனை கொண்டாரட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா. நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று அக்கா பையைப் புடவைக்குள் வைத்தாள். எழுந்து தன் அறைக்குப் போனாள். உடனே திரும்பி வந்து, முறுக்குத் தட்டை நடுவில் வைத்தாள். அதைப் பற்றி அன்று வேறு பேச்சில்லை. கத்திரியை நான் தாள்களோடு சேர்த்து மெத்தைக்கடியில் செருகிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி ஆராதனைக்கு நாலரைக்கே வாசலில் நின்றோம். பனி இறங்கியிருந்தது. அக்காவின் அறையில் விளக்கு எரிந்தது, கதவு சாத்தியிருந்தது. நான் மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கத்திரி அங்கே இல்லை; நான் குளிக்கப் போயிருந்தபோது அக்கா எடுத்திருக்க வேண்டும். அதை மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையை ஒருமுறை அழுத்தினாள்.

தொலைவில் மணியடித்தது. "அவ வரமாட்டா. நேரமாச்சு, வாங்க போலாம்" என்றாள் அம்மா. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அழைக்கப் போனவள் அழைக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள். நாங்களும் நின்றோம். மகள் கொட்டாவி விட்டாள்.

கதவு திறந்தது. "தோள்ல ஒரு பின் குத்திவிடு. கை எட்டல" என்றது அக்காவின் குரல். மனைவி உள்ளே போனாள். இருவரும் வெளியே வர நான்கு நிமிடம் ஆகியிருக்கலாம். மயிற்கழுத்துப் பட்டு, அதே துணியில் ரவிக்கை. முந்தானை மடிப்புகள் தோளிலிருந்து ஒழுங்காக இறங்கின. மேலே சால்வை இல்லை. நான் அதற்குமேல் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. அம்மா குனிந்து அக்காவின் கொசுவத்தைச் சரிசெய்தாள். 'அது' கண்முன் வந்தும் அம்மா அழாமல் இருந்தது, நான் அறிந்தவரை, அந்த ஒரு தடவைதான்.

அக்கா என்னைக் கடக்கும்போது கத்திரியை என் கையில் வைத்தாள்.

"இந்தாடா. நேத்து எங்க வெச்சேன்னு தெரியாமப் போச்சே, அது. கூடத்துல அது மேல ஒக்காந்தது போதாதுன்னு, ராத்திரி பூரா அது மேலேயே படுத்திருந்தியா?"

தேவாலயத்தில் பெண்கள் பக்கத்து இரண்டாம் வரிசையின் ஓரம் காலியாக இருந்தது. அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். முதற்பாட்டுக்கு எழுந்தபோது, ஆண்கள் பக்கத்திலிருந்த எனக்கு அவள் குரல் தனியே கேட்டது. சுருதி சற்று மேலே, வழக்கம்போல.

மூன்று நாள் கழித்து ரம்ஜான். காலையில் அக்கா என் அறைக்கு வந்து, செய்தித்தாளில் மடித்துக் கட்டிய ஏதோ ஒன்றைக் கட்டில்மேல் வைத்தாள். பக்கத்தில் நீலத் தாள்: வெள்ளி நட்சத்திரங்கள், ஓரங்கூடக் கிழியாமல். பாயின் மனைவியைப் பார்க்கப் பீர்க்கன்கரணைக்குப் போகவேண்டும், என் மனைவியும் கூட வருகிறாள் என்றாள்.

கையில் எடுத்துப் பார்த்தேன். கனமும் இல்லை, மிக இலேசும் இல்லை.

"உள்ள என்னக்கா?"

"ஒனக்கெதுக்குடா? சுத்திக் குடு. மூணு டேப்புக்கு மேல ஒட்டாத, அவங்க தாளக் கிழிச்சிடப் போறாங்க."

அருகே நின்று நான் மூலைகளை மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் ஒன்று சேருமிடத்தில் பாதியாக நின்றது. பிரித்து மீண்டும் மடித்தேன்.