இடது பக்கப் பொத்தான்

ஒரு விடுகதை. ஒரு கை கொடுத்தால் அசைய மாட்டான். இரண்டு கையும் கொடுத்தால்தான் வேலை செய்வான். அவன் யார்? என்னைப் போலப் பட்டறை மேற்பார்வையாளராகக் காலம் தள்ளுகிறவர்கள் இந்நேரம் சொல்லியிருப்பீர்கள்: புது பிரஸ் மெஷின். பழைய மெஷினை ஓட்டியவர்களைப் புது மெஷினில் உட்கார வைப்பது நம் தொழிலில் பாதி. உட்கார்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பது மீதிப் பாதி.

பனைமட்டை

பேட்டையில் நாங்கள் எவர்சில்வர் டப்பாக்களுக்கு மூடி அடிக்கிறோம். பழைய பிரஸ், காலால் மிதித்தால் இறங்கும். சுடலைமுத்துவின் இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் எடுத்தது அதுதான். அதன் பிறகுதான் முதலாளி புதியதை வாங்கினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருப்பதால் எந்தக் கையும் அச்சுக்குள் போகாது.

முதல் வாரத்திலேயே இடது பொத்தானில் ஒரு பனைமட்டைத் துண்டு ஆப்பாகச் செருகியிருந்தது. வலது கையால் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவர் சுடலைமுத்து. யாருக்காக வாங்கினோமோ, அவரே. பிடுங்கி எறிந்தேன். மறுநாள் வேறொன்று இருந்தது. கேட்டேன்.

"காத்துல பறந்து வந்திருக்கும் அண்ணாச்சி."

கோயம்புத்தூர்க்காரர்

கோயம்புத்தூர் மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தோம். எல்லோரையும் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார். "ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா, நசுங்கறதுக்குக் கை ஏதுங்க?" என்று சிரிக்க வைத்தார். சுடலைமுத்துவும் சிரித்தார். சாயங்காலம் ஆப்பு திரும்ப வந்துவிட்டது. முதலாளி என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"இனிமே ஆப்பைப் பாத்தா அவனக் கணக்கு முடிச்சு அனுப்பிரும் வே. இன்னொரு கைக்கு நான் பதில் சொல்ல முடியாது."

சட்டைக் கை

அடுத்த நாள், ஆப்போடு ஓடிக்கொண்டிருந்த பிரஸில் ஒரு தகடு அச்சில் சாய்ந்து நின்றது. அதைச் சரிசெய்யச் சுடலைமுத்துவின் இடது கை உள்ளே போனது. வலது கை பழக்கத்தில் பொத்தானை அமுக்கியது. மெயின் சுவிட்சை நோக்கி ஓடினேன். அதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது.

கை வெளியே இருந்தது. முழுக்கைச் சட்டையின் நுனி மட்டும் அச்சில் மாட்டியிருந்தது. முதலாளியிடம் சொன்னால் இவருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் கை போகும். "ஏம்லே இப்படிச் செய்யுத?" என்றேன். என் கண் போன இடத்தைப் பார்த்தவர், சட்டையைப் பைய உருவிக்கொண்டு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கையைப் பாக்காதீங்க அண்ணாச்சி. மொதலாளிட்ட சொல்லணும்னா சொல்லிருங்க."

ஆயுத பூஜை

பூஜை முடிந்ததும் முதலாளியிடம் சொல்லிவிடுவது என்றிருந்தேன். அன்று சுடலைமுத்து தன் மகளை அழைத்து வந்திருந்தார். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பூஜைக்காக ஆப்பை எடுத்து மின்சாரத்தையும் நிறுத்தியிருந்ததால், அப்பாவின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து மெஷின் ஓட்டி விளையாடினாள். வலது கை விரிந்திருந்தது. இடது கையில் இரண்டு விரல்களை மடக்கி வைத்திருந்தாள். ஏனம்மா மடக்குகிறாய் என்று கேட்டேன்.

"இது அப்பா மெஷின்லா. அப்பா கை மாதிரி வச்சா இந்தப் பக்கம் அமுங்க மாட்டேங்கு."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பொத்தானைச் சுற்றி இரும்பு வளையம். விரல் நுனிகள் உள்ளே போனால்தான் அமுங்கும். நானும் இரண்டு விரலை மடக்கி அமுக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் வளையத்தில் இடித்தது; நாலைந்து தடவையில் சுண்டுவிரல் விண்ணென்று வலித்தது. சுடலைமுத்து அதற்கு முன்பே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கூப்பிட்டுக் காட்ட, முதலாளியும் மடக்கிப் பார்த்தார்.

"வாயைத் திறந்து சொன்னா என்னலே? கை போனது உன் தப்பா?"

பிடுங்கல், படம், மிரட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகு எலெக்ட்ரீஷியன் இடது பக்கத்துக்கு உள்ளங்கையால் அமுக்குகிற பெரிய பொத்தான்கள் இரண்டை, மஞ்சளில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக, கொண்டுவந்து எது வேண்டும் என்று கேட்க, சுடலைமுத்து மகளைப் பார்த்தார், அவள் மஞ்சளை எடுத்தாள்.