கழுத்தளவு தண்ணீரில் டாக்டர்

என் அக்கா கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். ஃபிரேமுக்குள் மயிரிழை பிசகாமல் உட்காரும்வரை விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் எழுதும் கதைகளில் ஒன்றுகூட முடிந்ததில்லை. அதனால் வீட்டில் அவளுக்குப் பெயர் 'அரைகுறை'. வைத்தவள் நான்தான்.

டிவியில் ஒரு கப்பல் தொடர் வந்தது. அதில் ஒரு டாக்டர், ஒரு சமையல்காரி. இருவருக்கும் வாய்விட்டுச் சொல்லாத காதல். சேனல்காரர்கள் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் விடுவார்களா? அதே ஆட்களை வைத்து இணையத்தில் ஆளுக்கொரு கதை எழுத ஆரம்பித்தார்கள். அக்காவும் எழுதினாள், பஸ்ஸில் நின்றுகொண்டே, கட்டைவிரலால்.

'உப்புக்காத்து' என்ற புனைபெயரில் யாரோ எழுதிய கதை என்றால் அவளுக்கு உயிர். அதில் டாக்டர் இன்ஜின் அறையில் மாட்டிக்கொள்கிறார், தண்ணீர் கழுத்துவரை ஏறிவிடுகிறது. அதோடு எழுதிய ஆளையே காணோம்.

"கழுத்தளவு தண்ணியில நிக்கிறாரும்மா. எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?"

அம்மா பதறிப்போனாள். "யாருடி அது? யாருக்காவது போன் பண்ணுங்களேன்!"

விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து, "என்னடி, இன்னும் தண்ணியிலதான் இருக்காரா?" என்று கேட்காமல் அவளும் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்த அக்கா பொறுமையிழந்து அந்தக் கதைக்குக் கீழே எழுதினாள்: "ஆளைத் தண்ணியில விட்டுட்டுப் போயிட்டீங்களே, மனசாட்சி இருக்கா?"

நாலு வாய் சாப்பிடுவதற்குள் பதில் வந்தது. "சமையல்காரி கதை எழுதுறவங்க நீங்கதானே? யாரோ கதவைத் தட்டுறாங்க, அவ தாழ்ப்பாள்ல கை வைக்கிறா. அதோட நிறுத்திட்டீங்க. தட்டுறது டாக்டர்தானான்னு தெரியாம நான் அவரை எப்படிக் காப்பாத்துறது? உங்களுக்காகத்தாங்க காத்துட்டிருக்கேன்!"

அக்கா கத்தியேவிட்டாள். "அடியே, நான் அவங்களுக்காகக் காத்துட்டிருக்கேன்! அவர் தண்ணியிலேர்ந்து வந்தாத்தானே இங்க கதவைத் தட்ட முடியும்?"

இப்படியொரு கூத்தை நான் கண்டதில்லை. "அப்ப அந்த மனுஷன் சாக வேண்டியதுதான். தாழ்ப்பாளைத் திறந்து தொலையேன், அரைகுறை!"

அவள் முகம் விழுந்துவிட்டது. "முடிச்சிட்டா ரெண்டு பேரும் போயிடுவாங்கடி. அப்புறம் பஸ்ல நான் யார்கூட வருவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. அம்மாதான் அதட்டினாள்: "எடுடி போனை. அங்க ஒருத்தர் மூச்சுத் திணறிட்டிருக்கார்."

வலது கையில் சோறு காய, அக்கா இடது கையால் எழுதினாள். ஆளுக்கொரு பக்கம் நின்று நாங்கள் எட்டிப் பார்த்தோம். தாழ்ப்பாள் விலகியது. சொட்டச் சொட்ட நனைந்தபடி டாக்டர் நின்றார். "கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்றார். சமையல்காரி வழிவிட்டாள். அதன் கீழே, வாழ்க்கையில் முதல்முறையாக, அக்கா 'முற்றும்' என்று அடித்தாள்.

பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் உப்புக்காத்தின் புது அத்தியாயம் வந்து விழுந்தது. டாக்டர் இரும்புக் கதவை உடைத்து மேலே வந்துவிட்டார்! நானும் அக்காவும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். நீ எதற்குக் குதித்தாய் என்று கேட்காதீர்கள்.

அம்மா மட்டும் குதிக்கவில்லை. "எல்லாம் சரி. அவ்வளவு தண்ணியிலேர்ந்து வந்த மனுஷனுக்கு அவ ஒரு துண்டாவது குடுத்தாளா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, 'முற்றும்' என்பதை அழித்துவிட்டு, துண்டு எடுத்து வரச் சமையல்காரியை உள்ளே அனுப்பினாள்.