பால் ஊற்றாத தேநீர்

அக்குலீனா பனிக்கட்டியிலிருந்து விரல்நுனி அளவு சில்லை உடைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்க்கிறார். கரைந்ததும் கைகளை முகத்துக்குக் கொண்டுபோய் முகர்கிறார். வாசலில் இறக்கியிருக்கும் அறுபது கட்டிகளுக்கும் இதே சோதனை. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றி மாட்டுகிறார்.

சைபீரியக் கிராமமான எங்கள் குமாக்தாவில் குழாய் கிடையாது. நவம்பரில் லேனா ஆறு உறைந்ததும் அறுத்து அடுக்கும் கட்டிகள்தான் மே மாதம்வரை குடிதண்ணீர். ஊருக்கு மேலே, தீவுப் பக்கம் அறுத்த கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். ஊருக்குக் கீழே, பழைய டீசல் தொட்டி கசிகிற இடத்தில் அறுத்த கட்டியும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும்; வாசனைதான் வேறு.

அவர் பாலர் பள்ளியின் சமையல்காரர்; நான் அவருக்கு உதவியாள். முப்பத்தொரு குழந்தைகள். போன குளிர்காலத்தில் பதினோரு பேர் வயிற்றுவலியில் சுருண்டபோது, ஊர் முதலில் திரும்பிப் பார்த்தது இவருடைய பானைகளைத்தான். அன்றிலிருந்து யாராவது நலம் விசாரித்தால், "ஏன், யாரு என்ன சொன்னா?" என்கிறார். மீன்காரர் சிரித்தால் மீனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். யாராவது திறந்தால் தெரியட்டும் என்று சர்க்கரை டப்பாவின் மூடி இடுக்கில் தன் தலைமுடி ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறார்.

இந்த வருடம் கட்டி கொண்டுவந்தவர் அவருடைய சொந்தத் தம்பி போத்தூர்.

"எங்கடா அறுத்தே?"

"தீவுகிட்டதான்க்கா."

"தீவுக்குப் போய்வர மூணு மணி நேரம் ஆகும். எட்டுக்குக் கெளம்பி ஒம்பதரைக்கு வந்து நிக்கிறே. டிராக்டருக்கு றெக்கை மொளைச்சிருச்சா?"

"கூடப் பொறந்தவனையே சந்தேகப்படுறியே!"

"கூடப் பொறந்ததாலதான். என் பங்குப் பாலாடையைத் தின்னுட்டுப் பூனை மேல பழி போட்டவன்தானே நீ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ ஏன் சிரிக்கிறே? உனக்கும் இதுல பங்கா?" என்று என் பக்கம் திரும்பினார்.

பிறகு தம்பியிடம், "குளிர்ல மூக்கு சரியா சொல்லாது. உள்ள வா" என்றார்.

போத்தூர் கையுறைகளை அடுப்புக்கு மேலே கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அக்குலீனா ஒரு கட்டியை உடைத்துப் போட்டுக் கொதிக்கவைத்து, தேயிலை போட்டுக் கோப்பையில் ஊற்றினார். தம்பி பால் ஜாடியை நோக்கிக் கை நீட்டியதும், அதை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார்.

"பால் இல்லாம டீயை யாருக்கா குடிப்பா?"

"பால் ஊத்துனா வாசனை அமுங்கிரும். இப்படியே குடி."

கோப்பை உதடு வரைக்கும் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் காலைக் கஞ்சிக்காகக் கிண்ணங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சுடுது" என்று கீழே வைத்தார்.

காத்திருந்தோம். ஆவி நின்றது. கோப்பை நிறைந்தபடியே இருந்தது.

"ஆறிருச்சு" என்றார் அக்குலீனா.

போத்தூர் சன்னல் வழியாக டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்குலீனா எழுந்து கம்பியிலிருந்து கையுறைகளை எடுத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் கைவிட்டு, விரல்நுனி வரை காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு இரண்டையும் தம்பியின் மடியில் வைத்து, "தீவுக்குப் போய்வர மூணு மணி நேரம் ஆகும்" என்றார்.